நீச்சல் மேல் பழி

பேக்கரிக்கு மேலேதான் வீடு. அடுப்பு இன்னும் காயவில்லை. சித்தப்பா மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அண்ணன் மகள் படியிறங்கி வந்தாள்.

"தூக்கம் வரலையா, தவளை?"

விடிந்தால் அவளுக்கு இதய ஸ்கேன். மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்வேன். அம்மாகிட்ட ஊதக்கூடாது."

"நான் என்ன விசிலா?"

"மூணு மாசமா நான் நீச்சல நிறுத்தவே இல்ல, சித்தப்பா."

மாவுக்குள் அவர் கை நின்றுவிட்டது.

அவள் குடும்பத்தில் அப்பா வழியில் ஒரு மரபணுக் கோளாறு இருந்தது. சித்தப்பாவின் இதயத் தசையைத் தடிக்கவைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் இதயத் துடிப்பைக் காக்கும் ஒரு கருவியைக் குடிவைத்ததும் அதுதான். அவளுக்கு இதயச் சுவர் கொஞ்சம்தான் தடித்திருந்தது. மும்முரமாக நீந்துகிறவர்களுக்கும் அப்படித் தடிக்குமாம். மூன்று மாதம் தண்ணீரில் இறங்காதே, சுவர் மெலிந்தால் நீச்சல்தான் காரணம், மெலியாவிட்டால் நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ ட்யூஷன் என்று சொல்லிவிட்டுக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏண்டி இப்படி?"

"நிறுத்தியும் மெலியலேன்னா? நோய்தான்னு முத்திரை குத்திடுவாங்க. நீந்திட்டே இருந்தா நீச்சல் மேல பழியப் போடலாம்ல. பயமா இருக்கு."

சித்தப்பா மாடிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்ப வாயத் தொறக்காத. தடிமன் அப்படியே இருந்தா மட்டும் உண்மையச் சொல்லு. முடிவு இன்னும் மூணு மாசம் தள்ளிப் போகும். அப்பவும் நீந்து. இப்படியே ஓட்டிடலாம்."

அவளுடைய திட்டமேதான். அவர் வாயிலிருந்து வந்தபோது ஊசிப்போன மாதிரி இருந்தது.

"எத்தன நாளைக்கு?"

"நான் மயங்கி விழுற வரைக்கும் தலைசுத்தல அடுப்புச் சூடுன்னு சொல்லியே ஓட்டுனேன்."

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "அடுப்பா விழுந்துச்சு? நீங்கதானே விழுந்தீங்க!"

அவள் எழுந்து நின்றாள்.

"ஸ்கேனுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுவேன். மறுபடி மூணு மாசம், நெசமாவே நிறுத்துறேன். நோய்னா நோய், அதையும் பாத்துக்கறேன். பயந்து பயந்து திருட்டு நீச்சல் நீந்த மாட்டேன்."

"உங்கம்மா தோல உரிச்சிடுவா."

"உரிக்கட்டும். தவளைக்கு வேற தோல் வளரும்."

பையிலிருந்த நீச்சல் கண்ணாடியை எடுத்து அவர் கையில் திணித்தாள். "நானே கெஞ்சினாலும் குடுக்காதீங்க."

அவர் அதை அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டப் போனார்.

"அங்க வேணாம்! சூட்டுல உருகிடும்," என்று கத்தினாள். "எனக்குத் திரும்ப வேணும்."