கறுப்புக்குப் பிறகு வெள்ளை

பிளாஸ்டிக் மூடி செய்யும் அந்தப் பட்டறையில் வீணான மூடிகள் மூட்டை மூட்டையாகக் குவிந்துகொண்டிருந்தன. பட்டறையை நடத்துவது அக்கா. ஆர்டர் பிடிப்பது தம்பி.

"பழைய மெஷினைத் தலைமுழுகிட்டு புதுசு வாங்கலாம்க்கா" என்று அவன் நச்சரித்தான்.

அக்கா மசியவில்லை. எதனால் வீணாகிறது என்றே தெரியாமல் எதை மாற்றுவது? ஒரு சாஃப்ட்வேர் போட்டாள். மெஷினுக்கு ஒரு திரை. மூடி வீணானால் என்ன காரணம் என்று அதில் தொட வேண்டும்.

எல்லாரும் ஒன்றுபோல 'மற்றவை' என்பதையே தொட்டார்கள். ஏன் என்று அக்கா கேட்டபோது மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். 'பட்டாசு' என்று பேரெடுத்த ஆபரேட்டர் மட்டும் வாயைத் திறந்தாள்.

"காரணத்தைத் தொட்டா எங்க பேரும் சேர்ந்து விழுது மேடம். நாங்களே எங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. அன்றே திரையிலிருந்து பெயர்களை எடுக்கச் சொன்னாள். "யாருன்னு எனக்கு வேண்டாம். ஏன்னு மட்டும் சொல்லுங்க."

அதன்பின் குட்டு வெளிப்பட்டது. பழைய மெஷின், போன வருஷம் வாங்கிய இன்னொரு மெஷின் இரண்டிலும் 'நிறக் கலப்பு'தான் முதலில் நின்றது. கறுப்பு ஓடிய கையோடு வெள்ளை போட்டால், உள்ளே ஒட்டிய கறுப்பு தீரும்வரை சாம்பல் மூடிகளாகவே விழும். எதற்குப் பின் எது என்று முடிவு செய்தது பட்டறை இல்லை. ஆர்டர் வந்த வரிசையில் அப்படியே அனுப்பிய தம்பிதான்.

திரையைப் பார்த்த தம்பியின் முகம் சுருங்கியது. "கஸ்டமர் அவசரப்படுத்தினா நான் என்னக்கா பண்ண?"

"எல்லாருக்குமா அவசரம்? கேட்டுப் பார்த்தியா?"

கேட்டதில்லை. அங்கேயே ஒருவருக்குப் போன் போட்டான். மறுமுனையில் சிரிப்பு. "அடுத்த வாரம் வந்தா போதும்ப்பா. நாளைக்கே தரேன்னு குதிச்சது நீதான்."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

வெளிர் நிறங்கள் முதலில், அடர்ந்தவை பின்னால் என்று வரிசை மாறியது. கழிவு மூட்டைகள் பாதிக்கும் கீழே வந்தன. புது மெஷின் பேச்சைத் தம்பி அதன்பின் எடுக்கவே இல்லை. இப்போதெல்லாம் ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் பட்டறைக்குள் எட்டிப் பார்த்துப் பட்டாசைக் கேட்கிறான்.

"மஞ்சளுக்கு அப்புறம் பச்சை போடலாமா?"

"தாராளமா. நீலத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளுங்க சார்."