ஆறு நிமிடக் கூலி

லேத் பட்டறைக்காரருக்கு டாக்டர் மேலும் நம்பிக்கை கிடையாது, தராசு மேலும் நம்பிக்கை கிடையாது. வக்கீல் எம்மாத்திரம்!

பட்டறையைக் காலி செய்யவைத்த கட்டடச் சொந்தக்காரன் மேல் வழக்குப் போட்டு, மூன்று வருஷம் இழுத்து, நஷ்டஈடும் வந்துவிட்டது. ஆனால் பணம் வக்கீல் கையில். தன் பில்லைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பாராம். மிச்சம் ஐயாயிரம்கூடத் தேறாது. சனிக்கிழமைக்குள் முப்பதாயிரம் முன்பணம் கட்டாவிட்டால் புது ஷெட் வேறு ஆளுக்குப் போய்விடும். லேத் மிஷினோ மச்சான் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது.

கோர்ட் கட்டடத்தின் மாடியில், வக்கீல் பில் நியாயமா என்று பார்ப்பதற்கென்றே ஓர் அறை உண்டு. அங்கே புகார் எழுதிக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். மனைவியோடு போனார்.

பில் பார்க்கும் அம்மாள் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தாள். இவளும் வக்கீலும் ஒரே காலேஜில் படித்திருப்பார்களோ என்று அவருக்கு ஓடியது.

"தண்ணி குடிங்கய்யா."

"இதுக்கும் பில்லு உண்டா?"

"ஏங்க, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்" என்று மனைவி முழங்கையால் இடித்தாள்.

அம்மாள் சிரிக்கவில்லை. "விசாரணைக்குப் போனது இருபத்திரண்டு நாள். கோர்ட் பதிவேட்டோட சரியா இருக்கு. மனு எழுதின நேரமும் நியாயம்தான்."

பட்டறைக்காரர் எட்டிப் பில்லைப் பார்த்தார். திருடன் எங்கேதான் ஒளிந்திருக்கிறான்?

"ஆனா இதைப் பாருங்க. கட்சிக்காரரோட போன்ல பேசினது, ஆறு நிமிஷம். இப்படி நூத்திப் பதினெட்டு வரி. ஒரு நிமிஷம் பேசினாலும் ஆறு நிமிஷக் கூலி, அது அவங்க வழக்கம். மணிக்கு நாலாயிரம். ஆக மொத்தம் நாப்பத்தேழாயிரத்து இருநூறு. நீங்க புகார்ல பத்துத் தடவைதான் பேசினேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. பத்துதான். மீதியெல்லாம் அவன் கற்பனை."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, போன் கம்பெனியில பட்டியல் கேக்கறேன். அதுல எத்தனை தடவைன்னு வந்துடும். போனை யார் எடுத்தாங்கன்னுதான் வராது. குமாஸ்தா எடுத்திருந்தா வக்கீல் கூலி போட முடியாது. ஆனா அதுக்கு அத்தாட்சி வேணுமே."

அவர் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தார். உள்ளே பட்டறை நோட்டு இருந்தது. ஷாஃப்ட் அளவு எழுதும் எண்ணெய்க் கறை நோட்டு. வக்கீலுக்குப் போட்ட ஒவ்வொரு போனும் தேதி, மணி, எடுத்தது யார் என்பதோடு அதில் இருந்தது. நாளைக்கு அவன் ஏமாற்றினால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று எழுதிவைத்தது. காட்டினால் இவர் பொய்யர். காட்டாவிட்டால் ஷெட் இல்லை. கொடுத்துவிட்டு இந்த அம்மாள் அதைத் தொலைத்துவிட்டால்?

"நீங்க எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா?" என்றாள் மனைவி, ஜன்னலைப் பார்த்தபடியே.

எடுத்து மேஜைமேல் வைத்தார். கையை மட்டும் எடுக்கவில்லை. அம்மாள்தான் மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"அப்போ பத்துன்னு எழுதினது?"

"பொய்யி" என்றார்.

அவள் வாய்விட்டுப் படித்தாள். "மணி பத்தரை. குமாஸ்தா. சார் சாப்பிடறாராம். பத்தே முக்கால். குமாஸ்தா. இன்னும் சாப்பிடறாராம். பதினொண்ணு. சாரே எடுத்தார். கேஸ் கட்டு பத்திரமா இருக்காம். நம்பல." நிமிர்ந்து பார்த்தாள். "ஒரே நாள்ல மூணா?"

"ஒரு நாள் ஏழும் உண்டும்மா" என்றாள் மனைவி. "என்னைக்கூட இவ்வளவு தேடினதில்ல."

முக்கால் மணி நேரம் நோட்டையும் பில்லையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பட்டறைக்காரர் அவள் பென்சில் நுனியை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"குமாஸ்தா எடுத்தார்னு நீங்க எழுதின பல நேரத்துல வக்கீல் கோர்ட்ல நின்னு வாதாடிட்டு இருந்திருக்கார். பதிவேட்டுல இருக்கு. நோட்டு பொய் சொல்லல. குமாஸ்தா எழுபத்தேழு, வக்கீல் நாப்பத்தொண்ணு. முப்பதாயிரத்து எண்ணூறு தள்ளுபடி. அந்த நாப்பத்தொண்ணும் உங்க செலவுதான். சந்தேகப்பட்டுக் கேட்டாலும் அவர் பதில் சொல்லியிருக்காரே."

அவர் வாயைத் திறந்தார். மனைவியின் முழங்கை தயாராக இருந்தது. மூடிக்கொண்டார்.

"நாளைக்கு உத்தரவு, அன்னிக்கே பணம். நோட்டு அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

"ரசீது?"

எழுதிக் கொடுத்தாள். அதை இரண்டு தடவை படித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

கீழே வந்து தெருவைத் தாண்டுவதற்குள் அவர் கை போனுக்குப் போய்விட்டது. நோட்டை அந்த அம்மாள் மேஜைமேலேயே போட்டுவிட்டாளா, அலமாரியில் வைத்துப் பூட்டினாளா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

மனைவி போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ஆறு நிமிஷம்" என்றாள்.