பழகுவதற்கென்று ஒரு பிழை

பின்லாந்தின் குவோப்பியோ நகர நூலகத்தின் மாடியில், மென்பொருள் பிழை திருத்திப் பழகும் ஒருநாள் முகாமில், அத்தனை மாணவர்களுக்கு நடுவே இர்மெலி ஒருத்திதான் நரைத்த தலை. பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தே ஓய்வு பெற்றவள், குளிர்காலம் முழுக்க மாலை வகுப்புக்குப் போய்க் கணினி நிரல் எழுதக் கற்றிருந்தாள். எல்லாம் ஒரே ஒரு பிழைக்காக.

பக்கவாதம் கணவர் ரெய்யோவின் பேச்சைப் பறித்துக்கொண்டது. நகராட்சி ஒரு டேப்லெட் கொடுத்தது. தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிய இலவச மென்பொருள் அதில் இருந்தது; எழுத்தெழுத்தாகத் தொட்டு முடித்தால் வாய்விட்டுச் சொல்லும். ஆனால் விரல் கொஞ்சம் தயங்கினால் போதும், ஆளில்லை என்று நினைத்து, தொட்டதையெல்லாம் அழித்துவிட்டு, ஆயத்த வாக்கியப் பொத்தான்கள் நிறைந்த முதல் பக்கத்துக்கு ஓடிவிடும்; அங்கே எதில் விரல் பட்டாலும் அதைச் சொல்லிவிடும். ரெய்யோவின் விரலோ தயங்கித் தயங்கித்தான் நகரும். ஒரு வருடமாக ஒரே வாக்கியத்தோடு மல்லுக்கட்டுகிறார். எட்டிப் பார்த்தால் திரையைக் கவிழ்த்துவிடுவார்; சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும் அவருக்கு. ஒருமுறை திருட்டுத்தனமாகப் பார்த்தாள். 'இர்மெலி, அன்னைக்கு நான்' என்று இருந்தது. அப்புறம் என்ன என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

மென்பொருளைப் பராமரிக்கும் தூக்கா என்ற இளைஞனுக்கு எழுதிக் கேட்டாள். 'சுலபமான பிழை, புதியவர்களுக்கு விட்டு வைத்திருக்கிறோம்' என்று பதில் வந்தது. சரி, நானே புதியவள் ஆகிறேன் என்று கிளம்பிவிட்டாள். இன்று காலையில் ரெய்யோவிடம், "சாயங்காலம் முழுசா சொல்லிடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

மதியத்துக்குள் முடித்துவிட்டாள். முகாமை நடத்த வந்திருந்த தூக்கா குனிந்து பார்த்தான்.

"அசத்திட்டீங்க இர்மெலி! ஒரு குறையும் இல்ல."

"அப்ப எங்க வீட்டுக்காரர் டேப்லெட்டுக்கு எப்ப வரும்?"

"அதுக்கு வராதே. இது பழகுறதுக்குன்னே வச்சிருக்கிற பிழை. ஒவ்வொரு ஊர்லயும் சரி பண்ணுவாங்க, பாராட்டிட்டு மூடிடுவோம். நிஜ மென்பொருள்ல சேர்த்துட்டா, அடுத்த மாசம் ஓலு நகர முகாமுக்கு வர்ற பசங்களுக்கு நான் எதைக் கொடுக்கிறது?"

"முன்னாடியே சரி பண்ணிருக்காங்களா?"

"எத்தனையோ பேர். ஒரு பொண்ணு உங்களைவிட அழகா எழுதியிருந்தா."

"என் புருஷனால ஒரு வாக்கியம் முடிக்க முடியல தம்பி. நானாவது இதை அதுல ஏத்திக்கிறேனே?"

"நகராட்சி டேப்லெட்ல நாங்க வெளியிடுறதுதான் ஏறும். உங்க கஷ்டம் புரியுது. ஆனா புதுசா வர்றவங்க பயந்து ஓடிடக் கூடாதுல்ல?"

ஒரு பொத்தானை அழுத்தினான். 'முதல் பங்களிப்புக்கு வாழ்த்துகள்' என்று திரை பூத்தூவியது. கையில் இலவங்கப்பட்டை ரொட்டி ஒன்றைத் திணித்துப் புகைப்படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், பாவி, சிரித்தும் தொலைத்தாள்.

வீட்டில் ரெய்யோ ஒற்றைக் கையால் முகம் மழித்து, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடையில் வெட்டுக்காயம். ஆச்சா என்று கண்ணால் கேட்டார். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆச்சு," என்றாள். "மெதுவா சொல்லு, அவசரமே இல்ல."

அவர் நம்பிவிட்டார். முதல் தடவையாகத் திரையை அவளுக்குத் தெரியும்படி திருப்பி வைத்தார். பதற்றமே இல்லாமல் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டார். 'இர்மெலி, அன்னைக்கு நான் உன்கிட்ட.' அங்கே நிறுத்தி அவள் முகத்தையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவரைத் தொடச் சொல்லி அவசரப்படுத்த அவளால் முடியவில்லை. பார்த்தபடியே, திரையைக் கவனிக்காமல், அடுத்த எழுத்துக்கு விரலை இறக்கினார்.

"எனக்குத் தண்ணீர் வேண்டும்," என்றது டேப்லெட், இனிமையான பெண் குரலில்.

இர்மெலி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மேசையில் ஏற்கெனவே நிறைந்து நின்ற டம்ளர்களைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் வைத்தாள்.