எலுமிச்சை வேலிக்குக் கவ்வாத்து

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். ஹட்டன் டவுனில் இது தெரியாதவர்கள் குறைவு. ஜெரோமி மிஸ் வருகிறாள் என்றால் இயற்கைக் கல்வி நிலையத்தில் மண்வெட்டிகூட நேராக நிற்கும் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். பஸ் நிலையத்துக்கு மேலே குப்பை கொட்டிக் கிடந்த மேட்டைத் தோட்டமாக்கியது இதே ஜனங்கள்தான். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஓர் அறை, அதைச் சுற்றி இருபத்தாறு பாத்திகள். கடைச் சிப்பந்தி, தையல்காரி, தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி வருகிறவர்கள் என்று ஆளுக்கொரு பாத்தி. ஏழாவது எனக்கு. சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாதவர்கள் அந்தப் பத்தடியில் எடுக்கிற கோவா, லீக்ஸ் மரக்கறிகளைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அவர்களில் ஒருவர் பழனியாண்டி. மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிறார். அதற்கு முன் வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினெட்டு வருடம் தேயிலைச் செடிகளை மட்டமாக நறுக்கிவிடும் கவ்வாத்து வேலை பார்த்தவர். காலை ஐந்தரைக்கு வந்து தண்ணீர் ஊற்றிவிட்டு, மரக்கறி லொறி வருவதற்குள் ஓடுவார். அவருடைய போஞ்சிக் கொடியைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். வாடகை அறையில் குடியிருக்கும் அந்த மனிதருக்கு உலகத்தில் 'என்னுடையது' என்று சொல்ல இருந்தது அந்தப் பாத்தி ஒன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் கேட்டைத் திறந்தால், எலுமிச்சை வேலியைக் காணோம்! வண்ணத்துப்பூச்சி முட்டையிடட்டும் என்று நான் நாலு வருடம் வளர்த்த பன்னிரண்டு செடிகள். எல்லாம் இடுப்பளவுக்கு மட்டமாக, தேயிலை மாதிரியே வெட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு கொப்புகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. பக்கத்தில் பழனியாண்டி கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி மனுசா! என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"கவ்வாத்து வெட்டிட்டேன் மிஸ். எலையெல்லாம் முத்திப்போயி கெடந்துச்சு. நீங்க பாத்தா சந்தோசப்படுவீங்கன்னு நேத்தே வந்து வெட்ட ஆரம்பிச்சேன்."

"இது என்ன தேயிலையா? அந்த ரெண்டு கொப்பு எதுக்கு நிக்கிது? அதுலயும் அரகொற வேல!"

"அது செடி மூச்சு விடுறதுக்கு மிஸ். அதயும் வெட்டுனா பட்டுப்போயிரும்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கத்தியைப் பிடுங்கி, முதல் செடியில் நின்ற இரண்டு கொப்பையும் வெட்டி எறிந்தேன். "இப்ப ஒழுங்கா இருக்கா?" என்று வேறு கேட்டேன். இந்த வாயை என்னவென்று சொல்வது!

பொதுச் செடியைச் சேதப்படுத்தினால் பாத்தி பறிபோகும் என்பது நானே எழுதிய விதி. அன்றைக்கே தோட்டக் கமிட்டிக்குப் புகார்க் கடிதம் கொடுத்தேன். போஞ்சி பிஞ்சு விட்டிருந்த நேரம். பழனியாண்டி சண்டை போடவில்லை. "காய யாருக்காச்சும் குடுத்துருங்க மிஸ். மிச்சம் பதினொன்னுல மட்டும் கை வச்சிறாதீங்க" என்றார். காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்த தையல்காரி காளியாயிக்குப் பாத்தி போனது.

ஐந்து வாரம் கழிந்தது. இடையில் நல்ல மழை. ஒரு புதன்கிழமை நாற்பது பிள்ளைகள் பார்வையிட வந்திருந்தார்கள். "மிஸ், புழு! இங்க பாருங்க, புழு!" என்று கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தேன். பதினொரு செடியிலும் பளபளவென்று தளிர். தளிரெல்லாம் புழு. பிள்ளைகள் எண்ணி இருபத்துமூன்று என்றார்கள். அதுவரை நான் வண்ணத்துப்பூச்சிப் புழுவைப் படத்தில்தான் காட்டி வந்தேன். முட்டையிலிருந்து வந்ததும் அது இளந்தளிரைத்தான் தின்னும், முற்றிய இலையில் வாய் வைக்காது என்று வாரம் தவறாமல் பாடம் நடத்துகிறவளும் நான்தான். அந்த வேலியில் இலை முற்றிக் கிடந்தது என் கண்ணில் படவில்லை. மூட்டை சுமக்கிறவர் கண்ணில் பட்டது.

முதல் செடி மட்டும் கறுத்துக் காய்ந்து நின்றது. "இது ஏன் மிஸ் செத்துப்போச்சு?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"நான் வெட்டுனேன்மா. வெட்டக்கூடாதுன்னு சொன்ன ஆளு பேச்ச நான் கேக்கல" என்றேன். நாற்பது பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். வெட்கத்தில் முகம் எரிந்தது.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். பழனியாண்டி கிழங்கு மூட்டையோடு வந்துகொண்டிருந்தார்.

"என்னய மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

மூட்டையை இறக்கினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பதினொன்னும் தளுத்துருச்சா மிஸ்?" என்பதுதான். பாத்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்ன மனிதர் இவர்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தளுத்துருச்சுண்ணே. ஆனா ஒங்க பாத்தியில காளியாயி நட்டுட்டா. அத நான் திருப்பிக் கேக்க முடியாது" என்று சொல்லி, முந்தின நாள் மாலையே என்மேல் நானே புகார் கொடுத்து வாங்கிய கமிட்டியின் கடிதத்தை நீட்டினேன். அவர் விரல் வைத்து மெதுவாக வாசித்தார். பொதுச் செடியைக் கொன்ற குற்றத்துக்காக ஜெரோமியின் ஏழாம் இலக்கப் பாத்தி பறிக்கப்படுகிறது, தவறாகத் தண்டிக்கப்பட்ட பழனியாண்டிக்கு அது வழங்கப்படுகிறது என்றிருந்தது.

"ஐயையோ! அதுல ஒங்க கேரட்டு நிக்கிதே மிஸ்!"

"நீங்களே புடுங்கிச் சாப்புடுங்க."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். உடனே அது பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப ஒங்களுக்கு மிஸ்?"

"பட்டியல்ல பேரு எழுதிட்டேன்ண்ணே. பத்தொன்பதாவது ஆளு" என்றேன்.