ஒரு கையால் தூக்கும் கதவு

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எட்டிப் பார்த்துக் கிடைத்தது. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, எதிர்வீட்டு நர்ஸம்மாவின் கார் ஷெட். பாத்திரம் தேய்க்கும்போது கண்ணை வேறு எங்கே வைப்பதாம்? மீதியை அவள் வாயைப் பிடுங்கித் தெரிந்துகொண்டேன். அப்படியும் கிடைக்காததை நானே போட்டு நிரப்பினேன். எது எது என்று கேட்காதீர்கள்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘துரு என்பது காலம் இரும்பின் மேல் எழுதும்…’

அடித்துவிட்டேன். துருப்பிடித்தது கதவு. அதற்கு நான் எதற்கு உருக வேண்டும்?

2

நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் ஒரு கனத்த நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கப் போய் வலது தோளைக் கெடுத்துக்கொண்டவள். ஆறு மாதம் வீட்டில் இருந்தாயிற்று. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை, விடிந்தும் விடியாததுமாக வேலைக்குக் கிளம்ப வேண்டும். கார் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷெட் கதவைத் தூக்கினால்தானே கார் வெளியே வரும்? அதைப் பற்றி டாக்டர் வாய் திறக்கவில்லை. பழைய இரும்புக் கதவோ இரண்டு பேர் முக்கினால்தான் நகரும். மாற்றுவது என்று முடிவானது. எதில் மாற்றுவது என்பதில்தான் வம்பு.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். மரக் கதவுதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடையிலிருந்து மரம், இரும்பு, அலுமினியம், ஃபைபர் என்று உள்ளங்கை அகலத்தில் மாதிரித் துண்டுகள் வாங்கி வந்து ஜன்னல் விளிம்பில் அடுக்கினார். காலை வெயிலில் ஒருமுறை, மாலை வெயிலில் ஒருமுறை தள்ளி நின்று பார்த்தார். அலுமினியத்துக்கு ‘டிபன் பாக்ஸ் மூடி’ என்று பெயர் வைத்தார். மரத்துண்டை மனைவியின் கையில் வைத்து, “பாரு, கனமே இல்ல” என்றார்.

(கதவை பிஸ்கட் அளவில் எடைபோட்டுப் பார்த்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.)

அவள் தலையை ஆட்டிவைத்தாள்.

3

இந்த இடத்தில் அவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மனைவியின் வலி உறைக்காத ஆள் என்று ஒரு பக்கம் காரசாரமாக எழுதினேன். எழுதச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு மாதமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டவர் அவர்தான். பின்னல் தினமும் கோணல், தெருவே பார்த்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

4

கடைக்கு நான் போகவில்லை. ஆனாலும் கேளுங்கள்.

அங்கே முழுக் கதவுகளையே மாட்டிவைத்திருந்தார்கள். நர்ஸம்மா நேராக மரக் கதவிடம் போய், இடது கையால் பிடியைப் பற்றித் தூக்கினாள். இடுப்புவரை வந்து நின்றுவிட்டது. நல்ல ஸ்பிரிங் போட்டால் சுலபமாக வரும் என்றார் கடைக்காரர். மழையில் ஊறினால் மட்டும் இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

“அதுக்கென்ன, தினமும் நான் எழுந்து திறந்து விடுறேன்” என்றார் வீட்டுக்காரர். மனதாரத்தான் சொன்னார்.

அவள் பிடியை விடவில்லை.

“ஏங்க, ஆறு மாசமா தலை பின்னி விட்டீங்க. பொத்தான் போட்டு விட்டீங்க. மருந்து பாட்டில் மூடிகூட நீங்கதான் திறந்தீங்க. போதுங்க. கதவையாவது நானே திறந்துட்டுப் போறேன்.”

அவர் அலுமினியக் கதவிடம் போய், தன் வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் மட்டும் தூக்கிப் பார்த்தார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

“பெயிண்ட் மட்டும் நான் அடிச்சுக்கறேன்” என்றார்.

5

திங்கட்கிழமைக்கு ஒரு விபத்தைத் தயாராக வைத்திருந்தேன். கதை என்றால் ஏதாவது ஒன்று விழ வேண்டுமல்லவா? ‘கதவு பாதியில் நின்றது. அவள் தோளில்…’

அந்த வரியோடு ஜன்னலில் நின்றேன். அவள் வந்தாள். இடது கையால் பிடியைப் பற்றினாள். ஒரு மூச்சு விட்டாள். தூக்கினாள். கதவு மேலே போனது, போனது, உச்சியில் போய் நின்றது. அவள் அதைக் கீழே இழுத்து, யாரும் கேட்காமலே, இன்னொரு தடவை தூக்கினாள்.

அப்பாடா. கையில் சோப்பு நுரையோடு நான் சிரித்துக்கொண்டு நின்றேன். விபத்தை அடித்துவிட்டேன். கதை கெட்டால் கெட்டுப்போகட்டும்.

6

ஒன்று மிச்சம். கார் தெருவுக்கு வந்துவிட்டது, ஷெட் திறந்து கிடக்கிறது. யாராவது மூட வேண்டும். அவள் காரில் உட்கார்ந்தபடி கண்ணாடியில் பின்னால் பார்க்கிறாள். தூங்குவதாகப் பேர் பண்ணும் மனிதர் படுக்கையறைத் திரைக்குப் பின்னால் நிற்கிறார். பெயிண்ட் ஒட்டிய நான்கு விரல்கள் திரை ஓரத்தில் தெரிகின்றன.

அவள் இறங்கினால் அது ஒரு கதை. அவர் ஓடிவந்து, அவளும் அதை விட்டுக்கொடுத்தால் அது வேறு கதை.

என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்தேன். இந்தத் தெருவில் நான் பார்த்துவிட்டுச் சொல்லாமல் வைத்திருப்பது இது ஒன்றுதான். நீங்களே மூடிக்கொள்ளுங்கள்.