ஒன்பது பேர் கேட்ட முகவரி

கிழிந்த பைகளைத் தைத்துக் கொடுக்கும் எங்கள் கடைக்கு முகநூல் பக்கம் நடத்தியவன் என் கொழுந்தன். போட்டதெல்லாம் கறுப்புக் கண்ணாடியோடு அவன் மூஞ்சிதான். கீழே யாரோ, "கடை எங்க இருக்கு?" என்று கேட்டிருந்தார்கள். பதிலுக்கு ஒரு ஹார்ட் போட்டிருந்தான். ஒன்பது பேர் கேட்டதற்கு ஒன்பது ஹார்ட்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கினேன். பிய்ந்த கைப்பிடி ஒன்றைத் தைப்பதற்கு முன்னும் பின்னும் படமெடுத்து, முகவரியோடு போட்டேன்.

"இதையெல்லாம் யாரு அண்ணி பாப்பாங்க?" என்று சிரித்தான்.

மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் பதினொரு பேர், பிய்ந்த பைகளோடு.

முதலில் நின்ற பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அந்தக் கண்ணாடிக்காரர் இங்கதான் இருக்காரா?"

"இருக்காரே! உங்களுக்கெல்லாம் டோக்கன் குடுக்கப்போறதே அவர்தான்" என்றேன்.