வொன்னிக்குப் போன தேனீ

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரர் நகுலேஸ்வரன், அவர் மனைவி தவமணிதேவி, மகன் ஷாந்தன், மகள் சயந்தினி, எடிசன் நகரிலிருந்து சம்பந்தம் பேச வந்திருந்த திருமூர்த்தி, அவர் மனைவி அனந்தலக்ஷ்மி, அவர்கள் மகன் கதிர்வேல். வேறு யாரும் இல்லை. பிற்பாடு ஊரெல்லாம் வாய் வலிக்கப் பேசியவர்களில் ஒருவர்கூட அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அல்லர்.

1998-ஆம் ஆண்டு. ஹியூஸ்டனுக்கு வடமேற்கே, மாட்டுப் பண்ணைகள் தொடங்கும் இடத்தில் நகுலேஸ்வரனின் வீடு. யாழ்ப்பாணத்தில் பொறியாளராக இருந்தவர். எண்பத்து நான்கில் டெக்சஸுக்கு வந்து, வால்டர் என்ற கிழவரின் தோட்டாப் பட்டறையில் லேத் மெஷினில் நின்றார். கிழவர் ஓய்வெடுத்தபோது பட்டறையைத் தானே வாங்கிக்கொண்டார். பெரிய கம்பெனிகள் சீந்தாத சின்ன ரகத் தோட்டாக்கள்தான் அங்கே பிழைப்பு. வேப்பங்கொட்டையளவு ஈயம். கோழிக்கூட்டுக்கு வரும் நரி, தோட்டத்தை மேயும் முயல், அதற்கு மேல் எதற்கும் உதவாது.

அந்த ரகங்களில் ஒன்றுக்கு ஹார்னெட் என்று பெயர், அதாவது குளவி. இன்னொன்றுக்குப் பெயர் பீ. வைத்தவர்கள் தேனீயை நினைத்து வைத்த பெயர்தான். தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? "சாப்பாட்டு மேசையில அந்தச் சொல்லை எடுத்தால் நான் எழும்பிப் போவன்" என்று நகுலேஸ்வரன் முதல் வாரமே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அது தேனீ.

தேனீக்கு வந்த நோய் மெதுவாக வந்தது. அதைச் சுடும் துப்பாக்கியைப் புதிதாகச் செய்வார் இல்லை. பழைய துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆர்டர் கொடுக்க மணி அடித்த தொலைபேசியில் விதவைகளின் குரல் கேட்கத் தொடங்கியது: அவர் இல்லை, துப்பாக்கியை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா? துப்பாக்கிச் சந்தையில் நகுலேஸ்வரன் மேசை போட்டு உட்கார்ந்தால், இளவட்டங்கள் ஒரு தோட்டாவை எடுத்துப் பார்த்து, "சோ க்யூட்" என்று சிரித்து வைத்துவிட்டு, பட்டாளத்து ரகம் குவித்திருந்த பக்கத்து மேசைக்குப் போய்விடுவார்கள். கடைசியில், தோட்டாவுக்குப் பித்தளைக் கூடு அடித்துக் கொடுத்த கம்பெனி, அந்த அளவில் இனி அடிப்பதில்லை என்று கைவிரித்தது.

"மூடுவம் அப்பா" என்றான் ஷாந்தன்.

"மூடுவம். ஆனால் தங்கச்சியின்ர விஷயம் முடியும்வரை வாயைத் திறக்காதை. யாவாரம் படுத்த வீட்டில பொம்பிளை எடுத்தம் எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

கடைசிவரை தேனீயை விடாமல் வாங்கிக்கொண்டிருந்தவர் வொன்னி என்ற மூதாட்டி. மேற்கு டெக்சஸில் ஆட்டுப்பண்ணை. புருஷன் விட்டுப்போன துப்பாக்கியால், குட்டி தூக்க வரும் நரியை இன்னும் தானே சுடுகிறவர். தேவைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்க மாட்டார், வீட்டுக்கே போன் அடித்துவிடுவார்.

சம்பந்திகள் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைதான்.

"குழம்புல தேங்காப்பால் தூக்கலா இருக்குங்க. ரொம்ப ரிச். இவருக்கு கொலஸ்ட்ரால் வேற" என்றார் அனந்தலக்ஷ்மி.

"ஒரு நாளைக்கு ஒண்டும் செய்யாது, சாப்பிடுங்கோ. உங்கட மகன் மூண்டாந்தரம் போடுறார், பாருங்கோ" என்றார் தவமணிதேவி.

"ஆன்ட்டி, ஹானஸ்ட்டா சொல்றேன், இது எங்கம்மா வைக்கிறதைவிட..."

"டேய், நாளைக்கு நம்ம வீட்டுக்குத்தான் வரணும்" என்றார் அனந்தலக்ஷ்மி. எல்லோரும் சிரித்தார்கள். சயந்தினி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

"பிசினஸ் எப்படிங்க போகுது?" என்று திருமூர்த்தி கேட்டார்.

"குறை சொல்ல ஏலாது. ஓடர் வந்துகொண்டே இருக்கு."

ஷாந்தன் தன் தட்டிலிருந்த கத்தரிக்காயை உற்றுப் பார்த்தான். அதே நேரம் தொலைபேசி அடித்தது. எழுந்து போய் எடுத்தவன், வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு அங்கிருந்தே கேட்டான்.

"அப்பா, வொன்னிக்குத் தேனீ வேணுமாம். கையில இருக்கிற எல்லாத்தையும் அனுப்பட்டோ?"

"அனுப்பு."

"அச்சடிச்ச பெட்டி முடிஞ்சுது. வெள்ளைப் பெட்டிதான் இருக்கு. பேர் இல்லை."

"பேரில்லாட்டி என்ன? ஆர் அனுப்பினது எண்டு அங்க தெரியும்."

திருமூர்த்தியின் கை பாதி வழியில் நின்றது. இலங்கைச் செய்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறவர் அவர். வன்னியில் சண்டை உக்கிரமாக நடந்த வருஷம் அது. அதற்கு முந்தின வருஷம்தான் அமெரிக்க அரசாங்கம் அங்கே போராடிய இயக்கத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்திருந்தது. அவர் காதில் விழுந்தது வொன்னி அல்ல, வன்னி. தோட்டாப் பட்டறைக்காரர், வன்னிக்கு, தேனீ என்று ஒரு மறைபெயரில், பேரில்லாத பெட்டியில்!

"எக்ஸ்போர்ட்... அதுவும் உண்டுங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

நகுலேஸ்வரன் கழுத்தை நிமிர்த்தினார். யாவாரத்தின் அளவை அறியத்தான் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டார். "கேட்கிற இடமெல்லாம் போகும்."

பாயசம் ஆறிப்போய்க் கிடந்தது. ராத்திரி விமானத்துக்கு மத்தியானமே நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள். கதிர்வேல் மட்டும் வாசலில் திரும்பி சயந்தினியைப் பார்த்தான். "ஃபோன் பண்றோங்க" என்று அனந்தலக்ஷ்மி காருக்குள் இருந்தபடியே சொன்னார். பண்ணவில்லை.

அடுத்த மாதம் பட்டறையின் பெயர்ப்பலகையை இறக்கினார்கள். மெஷின்களை ஒரு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அதையும் யாரோ பார்த்திருக்கிறார்கள். கார்த்திகை பிறப்பதற்குள் எடிசனின் இந்தியக் கடைவீதியான ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கதை காய்கறிக்கூடையோடு கைமாறியது. சயந்தினிதான் வந்து சொன்னாள். கதிர்வேல் வீட்டுக்குத் தெரியாமல் போன் செய்து, அழாத குறையாக அவளிடம் சொல்லியிருந்தான்.

"அப்பா, நீங்கள் வன்னிக்கு புல்லட் அனுப்பினதாம். எஃப்.பி.ஐ. வந்து ஷொப்பை க்ளோஸ் பண்ணிட்டாங்களாம். அவையின்ர வீட்டில வேண்டாம் எண்டு சொல்லுகினம்."

நகுலேஸ்வரன், "என்ர வீட்டுச் சோத்தைத் திண்டுபோட்டு!" என்றார்.

"இஞ்சேருங்கோ, ஒரு போன் எடுத்து, வொன்னி எண்டது ஒரு வயசான மனிசி எண்டு சொல்லுங்கோவன்" என்றார் தவமணிதேவி.

"நான் ஏன் சொல்ல வேணும்? என்ர பரம்பரையில ஒருத்தன் வாசலில நிண்டு விளக்கம் சொன்னவனோ?"

அது வெளியே சொன்ன காரணம். உள்ளே வேறொன்று இருந்தது. வொன்னி யார் என்று சொல்வது சுலபம். அப்படியானால் பட்டறையை ஏன் மூடினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். யாவாரம் படுத்ததைச் சொல்ல வேண்டும்.

கதை ஹியூஸ்டன்வரை வந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில், முன்பின் தெரியாத ஓர் இளைஞன் அவர் கைகளைப் பற்றிக்கொண்டான். "ஐயா, நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். எங்களுக்குத் தெரியும்" என்றான். கண் கலங்கியிருந்தது. சொல்ல வாயெடுத்த நகுலேஸ்வரன் சொல்லவில்லை. பிரகாரத்தைச் சுற்றி வரும்போது தன் முதுகு வழக்கத்தைவிட நிமிர்ந்திருப்பதை உணர்ந்தார். நான்கைந்து பேர் மரியாதையோடு விலகி வழிவிட்டார்கள். சந்தையில் அவர் மேசையைத் தாண்டிப் போனவர்கள் ஒரு நாளும் அப்படி விலகியதில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவருக்கே உடம்பு கூசியது. பிரசாதம் வாங்காமல் வெளியே வந்தார்.

காரில் சயந்தினி காத்திருந்தாள். வாசலில் நடந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"அவரிட்ட இல்லை எண்டு சொன்னீங்களா?"

அவர் பெல்ட்டை மாட்டினார்.

"சொல்லேல்ல, என்ன? உங்களைக் கடத்தல்காரன் எண்டு சொன்னாலும் ஓகே. யாவாரம் படுத்தது எண்டு மட்டும் தெரியக் கூடாது. அதுதானே அப்பா? அதுக்காக நான் கல்யாணம் இல்லாம இருக்க வேணும்."

இருபத்தேழு வயது மகள். அதுவரை அவரிடம் குரலை உயர்த்தியதில்லை, அப்போதும் உயர்த்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் திருமூர்த்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"நகுலேஸ்வரன் கதைக்கிறன். குறுக்க பேசாமல் கேளுங்கோ. வொன்னி எண்டது இடம் இல்லை, மனிசி. மேற்கு டெக்சஸில ஆடு வளர்க்கிற கிழவி. நரி சுடுறதுக்குத் தோட்டா கேட்டவ. தேனீ எண்டது அந்தத் தோட்டாவின்ர பேர். இங்கிலீசுப் பேரைச் சாப்பாட்டு மேசையில சொல்ல ஏலாது, அதால தமிழில சொல்லுறம்."

"என்னங்க அப்படி ஒரு பேரு?"

நகுலேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னார். மறுமுனையில் இருமல் போல ஒரு சத்தம் வந்தது.

"சரிங்க," என்றார் திருமூர்த்தி, குரலைச் சரிசெய்துகொண்டு. "ஆனா கடையை மூடிட்டாங்கன்னு..."

"ஒருத்தரும் மூடேல்லை. நான்தான் மூடினனான்." நகுலேஸ்வரன் சுவரைப் பார்த்தார். ஷாந்தன் கதவருகே வந்து நின்றான். "அந்தத் தோட்டா இப்ப ஒருத்தருக்கும் வேண்டாம். ஓடர் வந்துகொண்டே இருக்கு எண்டு அண்டைக்கு உங்களுக்குச் சொன்னது பொய். வந்தது அந்தக் கிழவியின்ர ஓடர் ஒண்டுதான். அவவுக்குக் குடுத்ததுதான் கடைசிச் சரக்கு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க. எக்ஸ்போர்ட்டான்னு கேட்டேனே."

"யாவாரம் எவ்வளவு பெரிசு எண்டு கேட்கிறியள் எண்டு நினைச்சன்."

"பயந்துபோய்க் கேட்டேங்க."

சம்பந்தப் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்றார் திருமூர்த்தி. தொலைபேசியை வைத்துவிட்டு நகுலேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார். சாய்ந்து உட்கார்ந்தார். தகப்பன் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து ஷாந்தன் அதுவரை பார்த்ததில்லை. அவன் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான்.

கல்யாணம் அடுத்த ஆவணியில் எடிசனில் நடந்தது. பந்தியில் அனந்தலக்ஷ்மியின் சொந்தக்காரர் ஒருவர், "அந்த டெக்சஸ்காரர் இவர்தானா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது நகுலேஸ்வரன் காதில் விழுந்தது. அவர் இலையிலிருந்து தலை நிமிரவில்லை.

மேற்குக் கரையில், சான் ஹோசேயிலும் சான்டா கிளாராவிலும் நகுலேஸ்வரனின் பட்டறையை அரசாங்கம் வந்து மூடியதாக இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அது பொய். அரசாங்கத்திலிருந்து ஒரு ஆளும் வரவில்லை. வாங்குவதற்கும் ஒரு ஆளும் வரவில்லை.